ஜேஇஇ: நள்ளிரவு வகுப்பை நிறுத்திவிடலாமா?

ஈசூன் அப்பா:
மகள் இங்கே சிங்கப்பூரில் தொடக்கக் கல்லூரி முதலாம் ஆண்டில் படிக்கிறாள். அடுத்த ஆண்டு நவம்பரில் கல்லூரி இறுதித் தேர்வான 'ஏ' நிலைத் தேர்வு. அதை முடித்து மூச்சு விடுவதற்குள் ஜனவரியில் இந்தியப் பொறியியல் நுழைவுத் தேர்வான ஜேஇஇ மெயின். இதற்காக வாரத்தில் நான்கு நாள் சென்னையிலிருந்து இணைய வகுப்பு. அங்கே மாலை 6 மணி என்றால் நமக்கு இரவு 8.30. அவர்கள் 9.30க்கு முடித்துவிட்டுச் சாப்பிடப் போகும்போது இங்கே மணி 12. இவள் காலை 5.45க்கு எழுந்தாக வேண்டும். நேற்று பீஷானில் இறங்க வேண்டியவள் எம்ஆர்டி ரயிலில் தூங்கிப்போய்த் தோ பாயோவில் கண் விழித்திருக்கிறாள். வகுப்பை நிறுத்திவிட்டுப் பழைய வினாத்தாள்களை மட்டும் வைத்துத் தயாராக முடியுமா? வீட்டில் இதைப் பற்றிப் பேச்செடுத்தால் சண்டையில்தான் முடிகிறது. அதனால் இங்கே கேட்கிறேன்.

வினாத்தாள் பித்தன்:
இன்றே நிறுத்துங்கள். நான் சிங்கப்பூரில் இருந்தே எழுதி இந்தியாவின் தேசியத் தொழில்நுட்பக் கழகத்துக்கு (என்ஐடி) போனவன். மூன்றரை மணி நேரம் அடுத்தவர் கணக்குப் போடுவதை வேடிக்கை பார்த்தால் நம் கை எப்படிப் பழகும்? ஜேஇஇயில் 75 வினா, 180 நிமிடம். ஒரு வினாவுக்கு 2 நிமிடம் 24 நொடி. இங்கே 'ஏ' நிலையின் எச்2 பாடத்தரத்தில் கணிதத்துக்கு வரைபடக் கணிப்பான் உண்டு, சூத்திரத் தாளும் கொடுத்துவிடுகிறார்கள். வேதியியலுக்குத் தரவுக் கையேடு. ஜேஇஇயில் இவை எதுவும் கிடையாது. முதல் வினாத்தாளை நேரம் வைத்து எழுதியபோது என் இடது கை தானாகவே கணிப்பானைத் தேடி மேசையைத் தடவியது. 2இன் மடக்கை 0.301 என்று வாயில் வருவதற்கே மூன்று வாரம் ஆயிற்று. அதை எந்த வகுப்பும் சொல்லித் தரவில்லை.

கரும்பலகை:
தம்பி, கை பழகுவது சரி. பழகுவதற்கு உள்ளே ஏதாவது இருக்க வேண்டாமா? எச்2 இயற்பியலில் சுழலும் பொருளுக்கான நிலைமத் திருப்புத்திறன் இல்லை. எச்2 கணிதத்தில் அணிகளும் அணிக்கோவைகளும் இல்லை. ஜேஇஇயில் இவை உண்டு.

இங்கே பல ஆண்டுகளாகத் துணைப்பாடம் எடுக்கிறேன். உங்களைப்போல் வினாத்தாளே கதி என்றிருந்த ஒரு பையன் வந்தான். சரிவில் நழுவாமல் உருண்டு வரும் திண்மக் கோளம், அடியில் அதன் வேகம் என்ன என்று ஒரு வினா. நேராக இறங்கும் பொருளுக்குப் போடுவதுபோல் வேகத்தின் வர்க்கம் 2 ஜிஎச் (ஜி புவியீர்ப்பு முடுக்கம், எச் உயரம்) என்று போட்டான். சுழற்சிக்குப் போகும் ஆற்றலைக் கழித்தால் 10/7 ஜிஎச்தான் வரும். விடைக்குறிப்பைப் பார்த்துத் திருத்திக்கொண்டான். அடுத்த வாரம் கோளத்துக்குப் பதில் வளையம் வந்தது. அதற்கும் 10/7 போட்டான்! வளையத்துக்கு வெறும் ஜிஎச். அவனுக்கு ஆசிரியர் தேவையா, இன்னொரு வினாத்தாள் தேவையா?

தேக்கா வாசி:
என்யுஎஸ், என்டியு பல்கலைக்கழகங்கள் இரண்டும் பஸ் தூரத்தில் இருக்க, பிள்ளையை எதற்கு இப்படிப் படுத்துகிறீர்கள்?

ஈசூன் அப்பா:
ஆசை அவளுடையது. திருச்சி என்ஐடியில் படிக்க வேண்டுமாம், தாத்தா பாட்டி ஸ்ரீரங்கத்தில் இருக்கிறார்கள். வெளிநாட்டு மாணவர்களுக்கான டாசா சேர்க்கை வழியாகப் போனாலும் மெயின் தரவரிசை வேண்டும்.

வினாத்தாள் பித்தன்:
கரும்பலகை ஐயா, நீங்கள் சொல்லும் இடைவெளி நான்கைந்து பாடங்கள்தான். இந்தியப் பள்ளிப் பாடநூலான என்சிஇஆர்டி புத்தகத்தை வைத்துப் பள்ளி விடுமுறையில் முடிக்கலாம். அதற்காக ஆண்டு முழுவதும் நள்ளிரவு வரை விழிக்க வேண்டுமா? 2024இல் பாடத்திட்டத்தைக் குறைத்தார்கள். திண்மநிலை, பரப்பு வேதியியல், கணிதத் தொகுத்தறிதல் எல்லாம் போயின. என் தம்பி சேர்ந்திருந்த வகுப்பில் அதற்குப் பிறகும் திண்மநிலையை இரண்டு வாரம் நடத்தினார்கள்!

கரும்பலகை:
பழைய வினாத்தாளிலும் அதே திண்மநிலை இருக்குமே, தம்பி. அது மட்டுமா? 2021 முதல் 2024 வரை எண் விடை வினாக்கள் (தெரிவுகள் இல்லாமல் விடை எண்ணை நாமே எழுதுபவை) பாடத்துக்கு 10 வரும், 5 எழுதினால் போதும். 2025 முதல் வருவதே 5தான். தவறினால் ஒரு மதிப்பெண் போகும். அந்தத் தாள்களை அப்படியே எழுதிப் பழகியவன் தேர்வறையில் விழிப்பான். தெரியாததைத் தொடாமல் விடவும் ஒருவர் பழக்க வேண்டும்.

வினாத்தாள் பித்தன்:
தொடாமல் ஏன் விட வேண்டும்? சரிக்கு 4, தவறுக்கு 1 கழிவு. நான்கு விடைகளில் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைத் தொட்டாலும் சராசரியாகக் கால் மதிப்பெண் லாபம். ஒன்றைத் தள்ளிவிட முடிந்தால் லாபம் மூன்றில் இரண்டு மதிப்பெண். எண் விடை வினாவை மட்டும் விட்டுவிடலாம், அங்கே குருட்டு அடி விழாது.

கரும்பலகை:
கண்ணை உண்மையிலேயே மூடினால் உங்கள் கணக்கு சரி. யாரும் மூடுவதில்லை. பிள்ளைகள் எங்கே சறுக்குவார்கள் என்று தெரிந்துதான் விடைகளை அமைக்கிறார்கள். அந்தக் கோள வினாவில் 2 ஜிஎச்சும் ஒரு விடையாக இருந்தது. அரைகுறையாகத் தெரிந்தவன் குறி தப்பாமல் அதைத்தான் தொடுவான்.

ஈசூன் அப்பா:
சனிக்கிழமை ஒரு சோதனை செய்தோம். இந்தியாவில் காலை 9 மணித் தேர்வு என்றால் இங்கே 11.30. அதே நேரத்தில் 2025 வினாத்தாளுடன் சாப்பாட்டு மேசையில் உட்காரவைத்தேன். கணிப்பானை என் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டேன். 48 எழுதினாள், 27 சரி, 21 தவறு. 300க்கு 87. ஒவ்வொரு அமர்வின் மதிப்பெண்ணையும் சதமானமாக (எத்தனை விழுக்காட்டினரை எட்டினோம் அல்லது முந்தினோம் என்று) மாற்றித்தான் தரவரிசை போடுவார்கள் என்பதால் 87ஐ மட்டும் வைத்து நான் எதுவும் சொல்ல மாட்டேன். தவறிய 21ஐயும் அவளையே பிரிக்கச் சொன்னேன். கல்லூரியில் இன்னும் நடத்தாதவை, நடத்தவே போகாதவை 9. தெரிந்தும் கோட்டைவிட்டவை 12. அந்தப் பன்னிரண்டில் ஐந்து கடைசி அரை மணி நேரத்தில் எழுதியவை.

ஆக, கரும்பலகை சொன்ன இடைவெளி உள்ள செவ்வாய் இயற்பியலும் வியாழன் கணிதமும் இருக்கட்டும், வேதியியல் நாள் இரண்டையும் நிறுத்திவிடலாம் என்று முடிவு.

வினாத்தாள் பித்தன்:
வேதியியல் வகுப்பை நிறுத்துங்கள், வேதியியலை நிறுத்திவிடாதீர்கள். கனிம வேதியியலை என்சிஇஆர்டியில் வரி விடாமல் படித்தவனுக்கு அரை நிமிடத்தில் விடை வரும். மிச்சமாகும் நேரம்தான் கணிதத்துக்கு.

கரும்பலகை:
இதை மறுக்க மாட்டேன். ஆனால் வியாழன் வகுப்பில் அணிகள் எப்போது வருகிறது என்று முதலில் கேளுங்கள். நுண்கணிதம்தான் ஓடுகிறதென்றால் அதைக் கல்லூரியிலேயே நடத்துவார்கள். அந்த நாளும் வீண்.

ஈசூன் அப்பா:
எழுதுவது மகள். அப்பா கணக்கிலிருந்து எழுதுகிறேன், அவர் தூங்கிவிட்டார். ஐயா, அணிகள் அடுத்த மாதம்தான் தொடங்குகிறது, இப்போது ஓடுவது நுண்கணிதம். அண்ணா, கனிம வேதியியல் புத்தகத்தில் முதல் பாடம் முடித்துவிட்டேன். இன்னொன்று, அன்று நான் கண் விழித்தது பிரேடலில். தோ பாயோ என்பது அப்பாவின் கற்பனை. மணி 10.20, நானும் படுக்கப் போகிறேன்.