ஃபுட்டேஜ் கேட்டு வருகிறவர்கள்

கண்ட்ரோல் ரூம் பொறுப்பாளர்:

பல்கலைக்கழக வளாகத்தில் கண்காணிப்பு கேமராக்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு. இருட்டிலும் படம் தெரிய கேமராவில் இருக்கும் அகச்சிவப்பு விளக்குக்கு முன்னால் இரவில் சிலந்தி வலை கட்டும். காற்றில் அது ஆடும்போதெல்லாம் அலாரம் அடிக்கும். அது பெரிய தொல்லை இல்லை, ஒரு துடைப்பம் போதும். ஃபுட்டேஜ் கேட்டு வரும் ஆட்களைத்தான் சமாளிக்க முடிவதில்லை.

சைக்கிளைத் தொலைத்துவிட்டு வருகிற பையனிடம் சிக்கல் எதுவும் கிடையாது. இடமும் நேரமும் சொன்னால் நானே ஓட்டிப் பார்த்து, புகாரோடு சேர்த்துப் பாதுகாப்பு அதிகாரியிடம் கொடுத்துவிடுவேன். தலைவலி பெரிய இடத்திலிருந்து வரும். ஒருமுறை ஒரு துறைத்தலைவர் வந்தார். “தம்பி, எங்க டிபார்ட்மென்ட் வாசல் கேமராவை மட்டும் என் போன்ல வர்ற மாதிரி பண்ணிக் கொடுத்துடுங்களேன்.” எதற்கு சார் என்றேன். “யார் எப்ப வர்றாங்க, எப்ப கிளம்புறாங்கன்னு ஒரு கண்ணு வச்சுக்கலாமேன்னுதான்.” கூட வேலை பார்க்கும் ஆசிரியர்களை வேவு பார்க்க வேண்டுமாம். வாசலில் நாங்கள் மாட்டியிருக்கும் பலகையில் ‘பாதுகாப்புக்காக’ என்றுதான் எழுதியிருக்கிறது. முடியாது என்று முகத்துக்கு நேரே சொன்னால் வீண் பகை. “எழுத்துல கொடுங்க சார், பதிவாளர் கையெழுத்து மட்டும் வாங்கிடுங்க, அஞ்சு நிமிஷ வேலைதான்” என்றேன். அந்தக் கடிதம் இன்றுவரை வரவில்லை. எழுதிக் கொடுங்கள் என்றதுமே பாதிப் பேருக்கு அவசரம் போய்விடும்.

மனசைப் பிசைந்தது இன்னொரு சம்பவம். ஒரு மாணவியின் அப்பா. “நேத்து சாயங்காலம் எம்பொண்ணு யார்கூட கேட்டைத் தாண்டிப் போனான்னு மட்டும் காட்டுங்க தம்பி. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்.” பெண்ணைக் காணவில்லை என்றால் அந்த நிமிஷமே எல்லோரையும் எழுப்பியிருப்பேன். அவள் விடுதியில்தான் இருந்தாள். காலையில் இவரோடு போனில் பேசியும் இருக்கிறாள். 18 வயது தாண்டியவள். கூடப் போனவன் என்று ஒருவன் இருந்தால், அவன் முகத்தை ஒரு கோபக்கார அப்பாவிடம் காட்ட எனக்கு என்ன உரிமை? “அவங்ககிட்டயே கேளுங்க ஐயா” என்றேன். அவர் கதவருகிலேயே நின்று மானிட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். அதை அணைத்த பிறகுதான் என் பக்கம் திரும்பினார்.

எவ்வளவு நாள் பதிவை வைத்திருப்பது என்பதிலும் இழுபறிதான். ஆறு மாதம் வையுங்கள் என்று கூட்டத்தில் சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். வினாடிக்கு 4 மெகாபிட் வேகத்தில் இடைவிடாமல் பதிவாகும் ஒரு கேமராவுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 43 ஜிபி வேண்டும். 30 நாளுக்கு 1.3 டிபி. இதை 200 கேமராவால் பெருக்கிக் காட்டினால்தான் கூட்டம் அடங்கும். இடம் இல்லை என்பது ஒரு காரணம். தேவையில்லாத பழைய பதிவு கையில் இருந்தால் அதைக் கேட்டு யாராவது வந்துகொண்டே இருப்பார்கள் என்பது எனக்கு அதைவிடப் பெரிய காரணம். கெடு முடிந்ததும் பழையதன் மேல் புதியது தானாக எழுதிக்கொள்ளட்டும். ஆனால் புகார் வந்த அன்றே அந்தத் துண்டை மட்டும் அழியாதபடி பூட்டிவைத்துவிட வேண்டும். விசாரணைக் குழு கூடும்வரை காத்திருந்தால் ஹார்ட் டிஸ்க் காத்திருக்காது.

ஆய்வு மாணவி:

கேமராவின் எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு அனுபவம். எங்கள் விடுதிக்கு எதிரே ஒரு கம்பத்தில் சுழலும் கேமரா வைத்தார்கள். ரோட்டைப் பார்க்கத்தான் என்றார்கள். நாலா பக்கமும் திரும்பி, ஜூம் செய்யும் கேமரா இரண்டாம் மாடி ஜன்னலைப் பார்க்காது என்று எதை வைத்து நம்புவது? வார்டனிடம் கேட்டோம். “இன்னும் கனெக்‌ஷனே கொடுக்கலைம்மா, அது சும்மா இருக்கு” என்றார். அன்று ராத்திரி விளக்கை அணைத்துவிட்டுப் பார்த்தால், கேமராவின் முகத்தில் வட்டமாகச் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள். எங்களோடு இருந்த இயற்பியல் மாணவி பார்த்ததுமே சொல்லிவிட்டாள்: 850 நானோமீட்டர் அலைநீள அகச்சிவப்பு விளக்குகள் இருட்டில் இப்படி லேசாகச் சிவக்கும், 940 என்றால் கண்ணுக்கே தெரியாது. கரண்ட் ஓடுகிறது என்பதற்கு அதுவே சாட்சி. மறுநாள் வார்டனுக்கும் அது புதுச் செய்திதான், பாவம்.

சண்டை போடவில்லை. மூன்று பேர் போய், கேமரா எதைப் பார்க்கிறது என்று திரையில் காட்டச் சொன்னோம். ஜன்னல்கள் இருக்கும் பகுதி கறுப்புக் கட்டத்தால் மறைக்கப்பட்டிருந்தது. நிம்மதியாகத் திரும்பியிருக்கலாம். அந்த இயற்பியல்காரி விடவில்லை: “இது லைவ்ல மட்டும் மறையுதா, ரெக்கார்டிங்லயும் மறையுதா மேடம்?” நியாயமான கேள்வி. சில அமைப்புகளில் கேமராவே மறைத்து அனுப்பும். அதற்கப்புறம் யாராலும் அதை மீட்க முடியாது. வேறு சிலவற்றில் பார்க்கும் மென்பொருள்தான் மேலே ஒரு திரையைப் போடும். அனுமதி உள்ளவர் அதை விலக்கிக்கொள்ளலாம். எங்களுடையது இரண்டாவது வகை. கேமராவிலேயே மாற்ற வைத்து, பதிவான காட்சியையும் ஓட்டிப் பார்த்த பிறகுதான் கிளம்பினோம். போகிற போக்கில் மைக் பற்றியும் கேட்டோம். ஆன் ஆகித்தான் இருந்தது. கம்பத்துக்குக் கீழே நின்று நாங்கள் பேசாத கதையே கிடையாது!

நெட்வொர்க் பிரிவு:

மேலே இருவரும் பார்க்கிறவர்களைப் பற்றிச் சொல்லிவிட்டார்கள். அனுமதி கேட்காமலே நுழைகிறவர்களைப் பற்றி நான் கொஞ்சம். 2016இல் வந்த மிராய் என்ற தீம்பொருள் பெரிய வித்தை எதுவும் செய்யவில்லை. பெட்டியில் வரும்போதே இருக்கும் யூசர்நேம், பாஸ்வேர்டில் அறுபது சொச்சத்தை வரிசையாகப் போட்டுப் பார்த்தது. உலகமெங்கும் இணையத்தில் இணையும் ஐபி கேமராக்களும் காட்சியைப் பதியும் டிவிஆர் பெட்டிகளும் திறந்துகொண்டன. அதை எழுதியவர்களில் ஒருவர் தான் படித்த அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் நெட்வொர்க்கையே அடித்துச் சாய்த்ததாக ஒப்புக்கொண்டார். எங்கள் வளாகத்தில் நான் முதலில் செய்தது, கேமராக்களைத் தனி விலான் ஒன்றில், அதாவது மற்றவற்றோடு கலக்காத தனி நெட்வொர்க் பிரிவில், போட்டு இணையத்தை வெட்டியது. அடுத்ததாக, வேலையை விட்டுப் போனவர்களின் கணக்குகளை மூடியது. இந்த இரண்டாவதற்குத்தான் எதிர்ப்பு அதிகம். ‘அட்மின்’ என்ற ஒரே கணக்கை எல்லோரும் பயன்படுத்துவது அவ்வளவு வசதியாக இருந்திருக்கிறது.

இப்போது விற்பனைக்காரர்கள் முகத்தை வைத்தே ஆளைக் கண்டுபிடிக்கும் முகமறிதலோடு வருகிறார்கள், வருகைப்பதிவே எடுத்துவிடலாம் என்று. ஸ்வீடனில் ஒரு பள்ளி 22 மாணவர்களிடம் ஒப்புதல் வாங்கித்தான் அதைச் சோதித்துப் பார்த்தது. 2019இல் தரவுப் பாதுகாப்பு ஆணையம் 2 லட்சம் குரோனா அபராதம் போட்டது. பள்ளியை நம்பி இருக்கிற மாணவன் கொடுக்கும் சம்மதம் சுதந்திரமான சம்மதம் ஆகாது என்பது அதன் வாதம். அமெரிக்காவின் யுசிஎல்ஏ பல்கலைக்கழகமும் மாணவர் எதிர்ப்புக்குப் பிறகு 2020இல் முகமறிதல் திட்டத்தைக் கைவிட்டது. டெமோவுக்கு வருகிறவரிடம் இந்த இரண்டையும் சொன்னால் டீயை வேகமாகக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்.

கண்ட்ரோல் ரூம் பொறுப்பாளர்:

விலானும் பாஸ்வேர்டும் சரி, ஆனால் எங்களிடமிருந்து வெளியே போன படம் நெட்வொர்க் வழியாகப் போகவில்லை. நூலகப் படியில் உட்கார்ந்திருந்த இருவரின் படம் வாட்ஸ்அப்பில் சுற்றியது. பெரிதாக்கிப் பார்த்தபோது முகங்களின் மேல் அலையலையாகக் கோடுகள். மானிட்டரைப் போனில் படம் பிடித்தால் விழும் கோடுகள் அவை. மூலையில் தேதியும் நேரமும் அப்படியே இருந்தன. அந்த ஷிப்டில் யார் என்று பட்டியலைப் பார்த்தால் தெரிந்துவிட்டது. “சும்மா பசங்களுக்கு அனுப்பினேண்ணே” என்றார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு திரையிலும் லாகின் செய்தவரின் பெயர் மங்கலாகக் குறுக்கே ஓடும்படி செய்தோம். போனை வெளியே லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். எல்லோருக்கும்தான், அதிகாரிகளுக்கும் சேர்த்து. “என்னையுமா?” என்று கேட்டவர்கள் உண்டு. “உங்களையும்தான் சார்” என்றேன். அடிக்கடி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பேர் அதோடு வருவதையே நிறுத்திவிட்டார்கள்.