டேங்கைக் கழற்றிய பிறகும் பெயின்ட்பால் துப்பாக்கி சுட்டது

பெயின்ட் குண்டால் ஒருவரையொருவர் சுட்டு விளையாடும் பெயின்ட்பால் ஆட்டம் முடிந்து ஓய்வறைக்கு வந்து மாஸ்க்கைக் கழற்றியாயிற்று. மார்க்கரிலிருந்து, அதாவது அந்தத் துப்பாக்கியிலிருந்து, குண்டுகள் கிடக்கும் ஹாப்பரை எடுத்துக் கவிழ்த்து, காற்று டேங்கையும் திருகி எடுத்துவிட்டேன். இனி இது வெறும் இரும்புதானே என்று துடைத்துக்கொண்டிருந்தபோது விரல் சும்மா ட்ரிகரில் பட்டது. டப்! பேரல் முனையில் மாட்டியிருந்த துணி உறை புடைத்துக்கொண்டு, அதன் நுனியிலிருந்து மஞ்சள் பெயின்ட் சொட்டியது. உறைக்கு நேர் எதிரே நண்பன் வெறும் முகத்தோடு தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். கை நடுக்கம் நிற்க வெகுநேரம் ஆயிற்று.

காரணம் எளிது. ட்ரிகரை இழுத்தால் வால்வு கண நேரம் திறந்து மூடும், அழுத்தக் காற்றில் ஒரு மிடறு மட்டும் வெளியே வந்து குண்டைத் தள்ளும். டேங்க் போனாலும் அந்த மிடறு மார்க்கருக்குள்ளேயே தங்கியிருக்கலாம். ஹாப்பர் போனாலும் கடைசியாக இறங்கிய குண்டு சேம்பரில், அதாவது சுடத் தயாராக நிற்கும் அறையில், உட்கார்ந்திருக்கும். இப்போதெல்லாம் ஹாப்பரையும் டேங்கையும் எடுத்த பிறகு, மாஸ்க் போட்டபடியே, ஆளில்லாத பக்கம் பார்த்து சத்தம் அடங்கும்வரை சுட்டுத் தீர்த்துவிட்டு உறையை மாட்டிக்கொண்டுதான் வெளியே வருகிறேன்.

---

அந்த உறையைப் பலர் ஏதோ அலங்காரம் மாதிரி பையிலேயே வைத்திருக்கிறார்கள், பார்த்தாலே எரிச்சல் வரும்.

என் கதை வேறு. கார்பன் டை ஆக்சைடு டேங்க். காலையில் வேகமானியில் குண்டின் வேகம் நொடிக்கு 280 அடி, சரி என்று இறங்கினேன். இடைவேளையில் மார்க்கரை வெயிலில் போட்டுவிட்டேன். அடுத்த சுற்றில் என் குண்டு தொடையில் பட்டவர் நொண்டிக்கொண்டே வந்து நன்றாகத் திட்டினார். திரும்ப அளந்தால் 310! பொதுவான உச்ச வரம்பே 300தான். அந்த வாயு டேங்குக்குள் திரவமாக இருப்பது, சூடு ஏறினால் அழுத்தமும் கூடவே ஏறும். அப்புறம் அழுத்தக் காற்றுக்கு மாறினேன், டேங்கிலுள்ள ரெகுலேட்டர் அழுத்தத்தைச் சீராக வைத்துக்கொள்கிறது. ஆனாலும் ஒவ்வொரு இடைவேளைக்குப் பிறகும் அளக்காமல் இறங்குவதில்லை.

---

மரத்துக்கும் மாட்டுக்கும் அடையாளம் வைக்கச் செய்த கருவி இது, மார்க்கர் என்ற பெயரே அங்கிருந்து வந்ததுதான். 1981இல் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் 12 பேர் அதை எடுத்துக்கொண்டு காட்டுக்குள் விளையாடப் போனார்கள். நமக்கு வந்து சேர்ந்தது இப்படி.

நான் செய்த முட்டாள்தனம் மாஸ்க்கில்தான். உள்ளே ஆவி படிந்து ஒன்றும் தெரியவில்லை, துடைக்கலாம் என்று இரண்டு விரலால் கொஞ்சம் தூக்கினேன். பக்கத்துத் தடுப்பில் ஒரு குண்டு உடைந்து தெறித்தது கண்ணுக்குள். குண்டு அல்ல, தெறித்த பெயின்ட் மட்டும்தான், அதற்கே அன்று முழுக்கக் கண்ணைத் திறக்க முடியவில்லை. நடுவர் ஆட்டத்தையே நிறுத்திவிட்டார். இப்போது ஆவி படிந்தால் அப்படியே குந்திக்கொண்டு கையைத் தூக்கிக் கத்துவேன், கையைப் பிடித்து வெளியே கூட்டிப் போவார்கள். பார்க்கிறவர்கள் சிரிக்கத்தான் செய்கிறார்கள்.