உதவி தேவை: கார்பன் நானோ துகள்கள் மங்கலாகவே ஒளிர்கின்றன

தருமபுரி மாணவி:
முதுநிலை வேதியியல் ஆய்வுத்திட்டத்திற்காக, புற ஊதா ஒளியில் ஒளிரும் கார்பன் நானோ துகள்களைத் தயாரிக்கச் சிட்ரிக் அமிலத்தையும் யூரியாவையும் நீரில் கரைத்து, நீர் வற்றிக் கரும்பழுப்புக் கட்டியாகும் வரை மைக்ரோவேவ் அடுப்பில் சூடாக்கினேன். அக்கட்டியைக் கரைத்த நீர் காபி டிகாக்‌ஷன் போல் அடர்ந்திருக்கிறது. 365 நானோமீட்டர் புற ஊதா டார்ச்சைக் காட்டினால் குப்பியின் விளிம்பு மட்டுமே பச்சையாகத் தெரிகிறது. இன்னும் அதிகமாகச் சூடாக்க வேண்டுமா? எங்கள் பகுதி ஆழ்துளைக் கிணற்று நீரிலுள்ள ஃப்ளூரைடை இத்துகள்களால் கண்டறிவதே திட்டத்தின் நோக்கம்.

கிருஷ்ணகிரி விரிவுரையாளர்:
சூட்டைக் கூட்டாதீர்கள், கரிதான் மிஞ்சும். அடர்ந்த கரைசலில் டார்ச் ஒளி முழுவதும் மேற்பரப்பிலேயே உறிஞ்சப்பட்டுவிடுகிறது; எழும் ஒளியிலும் ஒரு பங்கைக் கரைசலே விழுங்கிவிடுகிறது. ஒரு சொட்டை மட்டும் ஒரு பீக்கர் வாலை வடிநீரில் விட்டுப் பாருங்கள். ஒளிர்வை அளக்கும்போதும் உறிஞ்சுதிறன் (கரைசல் ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்பதன் அளவு) 0.1-ஐத் தாண்டக் கூடாது. பச்சை ஒளிர்வுக்கு, ஒளிர்திறன் ஏற்கெனவே தெரிந்த ஃப்ளூரசீன் சாயத்தோடு ஒப்பிடுவதே பொருத்தம்; குயினைன் சல்பேட் நீல ஒளிர்வுக்கு உரியது. யூரியா சிதையும்போது அமோனியா வெளிவரும் என்பதால், சமையலுக்குப் பயன்படும் அடுப்பை இதற்கு எடுக்கவே வேண்டாம்.

ஓசூர் ஆய்வு மாணவர்:
நீர்த்ததும் பளிச்சென்று தெரிந்தால் அதோடு மகிழ்ந்துவிடாதீர்கள், ஏனெனில் ஒளிர்வது துகள்தானா என்பது தனிக் கேள்வி. இத்துகள்கள் 2004-இல் முதலில் தென்பட்டதே கார்பன் நானோகுழாய்களைத் தூய்மைப்படுத்தும்போதுதான். சிட்ரிக் அமிலத்தோடு எத்திலீன்டைஅமீன் சேர்த்து 2013-இல் சுமார் 80 விழுக்காடு குவாண்டம் ஈட்டம் (உறிஞ்சிய ஒளித்துகள்களில் ஒளிர்வாகத் திரும்புபவற்றின் பங்கு) காட்டப்பட்டது. அவ்வினையில் ஐபிசிஏ என்ற சிறு மூலக்கூறும் உருவாகிப் பலமாக ஒளிர்கிறது என்பது பின்னர் தெரியவந்தது. யூரியா வினையிலும் அத்தகைய மூலக்கூறுகள் உண்டு. ஆகவே சுமார் 1000 டால்டனுக்குக் குறைந்த எடையுள்ள சிறு மூலக்கூறுகளை மட்டும் வெளியே விடும் சவ்வுப் பையில் கரைசலை ஊற்றி, நீரில் வைத்து டயாலிசிஸ் செய்து, உள்நீர், வெளிநீர் இரண்டின் ஒளிர்வையும் அளந்து பாருங்கள்.

தருமபுரி மாணவி:
நன்றி ஐயா, நீர்த்தவுடன் பச்சை ஒளி தெளிவாகத் தெரிகிறது, டயாலிசிஸும் தொடங்கிவிட்டேன். ஆனால் சோடியம் ஃப்ளூரைடு சேர்த்தும் ஒளிர்வு மாறவில்லையே?

கிருஷ்ணகிரி விரிவுரையாளர்:
மாறாமலிருப்பது இயல்புதான் அம்மா. ஃப்ளூரைடு இறுகப் பற்றும் சிர்க்கோனியம் போன்ற உலோக அயனி ஒன்று இடையில் வேண்டும். அந்த அயனி துகளோடு பிணைந்து ஒளிர்வை மாற்ற, ஃப்ளூரைடு அதைப் பறிக்கும்போது ஏற்படும் மாற்றத்தையே அளக்கிறோம். கிணற்று நீரிலுள்ள இரும்பு தன் பங்கிற்கு ஒளிர்வை அணைக்கக்கூடும், பாஸ்பேட்டும் சிர்க்கோனியத்தைப் பற்றும். எனவே அதே மாதிரியை ஃப்ளூரைடு மின்முனையாலும் அளந்து ஒப்பிட்ட பிறகே முடிவை எழுதுங்கள்.