கேனன் மலைக் கிழவரின் முகத்தைத் திரும்பக் கட்டலாமா?

நாஷுவா குமார்:
போன சனிக்கிழமை மகளோடு அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் இருக்கும் ஃபிராங்கோனியா கணவாய்க்குப் போயிருந்தேன். அங்கே கேனன் மலையின் பாறை விளிம்பு கீழிருந்து பார்த்தால் ஒரு கிழவர் முகமாகத் தெரிந்த காலம் உண்டு. மாநிலச் சாலைப் பலகைகளில் எண்ணைச் சுற்றி அந்தக் கிழவர் முகம். என் கார் நம்பர் பிளேட்டிலும் அவர்தான். கார் நிறுத்தத்தில் இறங்கி அண்ணாந்து பார்த்தவள், "முகம் எங்கேப்பா?" என்றாள். 2003 மே 3 அன்று விழுந்துவிட்டது என்றேன். "அப்புறம் ஏன் இன்னும் எல்லா இடத்திலும் போட்டிருக்காங்க?" பதில் சொல்லத் தெரியவில்லை. திரும்பக் கட்டிவிட வேண்டும் என்பது என் கட்சி. சுமார் 12 மீட்டர் உயர முகம், இன்றைய பொறியியலுக்கு ஒரு விஷயமா?

வெள்ளைமலை:
கட்டலாம் குமார், ஆனால் அது சிலை. ஐந்து கருங்கல் அடுக்குகள் யாரும் செதுக்காமல் நெற்றி, மூக்கு, தாடை என்று அமைந்ததால்தான் 1945இல் அதை நியூ ஹாம்ப்ஷயரின் சின்னமாக வைத்தார்கள். கான்கிரீட் மூக்கைப் பார்க்க யார் மலையேறி வருவார்கள்?

கருங்கல்:
யாரும் தொடாத இயற்கை மாதிரி பேசுகிறீர்களே! 1916லேயே நெற்றிக் கல்லை இரும்புக் கம்பி போட்டு இழுத்துக் கட்டியாயிற்று. 1957இல் மாநிலம் 25,000 டாலர் ஒதுக்கியது. அதில் சிமென்ட் பூச்சு, மழைநீரைத் திருப்பிவிடத் தலைக்கு மேலே ஒரு வடிகால், இன்னும் கம்பிகள். வடிகால் வைத்த இயற்கையை எங்கே பார்த்திருக்கிறீர்கள்? பாதி மனிதன் செய்த முகம்தான் அது. மீதியையும் செய்தால் என்ன குறைந்துவிடும்?

வெள்ளைமலை:
வயதானவருக்குக் கைத்தடி கொடுப்பதும், அவர் போன பிறகு மெழுகு பொம்மை செய்து நாற்காலியில் உட்கார வைப்பதும் ஒன்றா? அந்தக் கம்பிகளைப் பராமரித்த நீல்ஸ் நீல்சன் கோடையில் கயிற்றில் தொங்கி விரிசல் விரிசலாக அடைத்தவர். 2001இல் அவர் இறந்ததும், மகன் டேவிட் அவருடைய சாம்பலைக் கிழவரின் இடது கண் விரிசலில் வைத்தார். இரண்டு வருடத்தில் அந்தக் கண்ணும் போய்விட்டது. விரிசலில் நீர் இறங்குகிறது, உறைகிறது, கல்லைப் பிளக்கிறது. புதிதாகக் கட்டுவதையும் அது விடாது.

லிட்டில்டன்வாசி:
உங்கள் சண்டைக்கு நடுவில் என் வயிற்றெரிச்சலையும் கேளுங்கள். 93ஆம் நெடுஞ்சாலை அந்தக் கணவாயில் மட்டும் போக ஒரு தடம், வர ஒரு தடம் என்று சுருங்குகிறதே, ஏன் தெரியுமா? பெரிய சாலைக்கு வெடி வைத்தால் அதிர்ச்சியில் கிழவர் விழுந்துவிடுவாரோ என்று பயந்தார்கள். வருடக்கணக்கில் வழக்கும் வாதமும் நடந்து 1988இல் குறுகலாகவே முடித்தார்கள். பதினைந்தே வருடத்தில், ஒரு வெடியும் இல்லாமல், நள்ளிரவில் அவராகவே விழுந்துவிட்டார். அக்டோபரில் இலை நிறம் மாறும்போது அந்த வரிசையில் நிற்கிறவனுக்குத்தான் கோபம் தெரியும்.

வெள்ளைமலை:
அந்தக் குறுகல் கணவாயையே காப்பாற்றியிருக்கிறது, அண்ணா. உங்கள் அரை மணி நேரம் போனால் போகட்டும்.

கருங்கல்:
சரி, பேச்சு மாறுகிறது. விழுந்த பிறகு மாநிலம் குழு போட்டு, மலையில் நகல் வேண்டாம் என்று முடிவெடுத்தது. 2009இல் ஒரு கட்டடக் கலைஞர் கண்ணாடியில் செய்யலாம் என்று யோசனை சொன்னார், அதுவும் நகரவில்லை. கடைசியில் கிடைத்தது ஏரிக்கரையில் ஏழு எஃகுக் கம்பங்கள். இவ்வளவு பெரிய சின்னத்துக்குக் கம்பமா?

மேரிமேக் மீனா:
அந்தக் கம்பங்களை நேரில் பார்த்தீர்களா? 2011இல் திறந்தார்கள். நம் உயரத்துக்கு ஏற்ற இடத்தைத் தரையில் குறித்திருக்கிறார்கள். அதில் நின்று, ஒரு கண்ணை மூடி, கம்பத்தின் நுனியைப் பாறை விளிம்போடு சேர்த்துப் பார்க்க வேண்டும். கம்பத்தில் உள்ள புடைப்புகள் நெற்றி, மூக்கு, தாடையாகப் போய் மலையில் ஒட்டிக்கொள்ளும். ஓரடி தள்ளினால் வெறும் இரும்பு. அசல் முகமும் அப்படித்தானே? கீழே சரியான கோணத்தில் நின்றவனுக்குத்தான் கிழவர். பக்கத்தில் போனவனுக்குக் கற்குவியல். மேலே நகல் வைப்பதைவிட இதுதான் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

கருங்கல்:
மேகம் இறங்கினால் அக்கா?

மேரிமேக் மீனா:
மேகம் இறங்கினால் அசலும் தெரியாது, தம்பி. அவர் விழுந்ததே மேகம் விலகிய காலையில் பூங்கா ஊழியர்கள் பார்த்துத்தான் தெரிந்தது.

நாஷுவா குமார்:
நான் இன்னும் கட்டச் சொல்கிற பக்கம்தான். ஆனால் அந்தக் கம்பங்களைப் பார்க்காமலே வந்துவிட்டோம். எந்தப் பக்கம் போக வேண்டும்?

மேரிமேக் மீனா:
93ஆம் நெடுஞ்சாலையின் 34பி வெளிவழியில் இறங்குங்கள். வண்டியை விட்டுவிட்டுப் புரொஃபைல் ஏரி நோக்கிக் கொஞ்சம் நடக்க வேண்டும். மகளின் உயரத்தை அளந்துகொண்டு போங்கள்.