தாலி கட்டும் நேரத்தில் எத்தனை ஷாட்? ஆலோசனை சொல்லுங்கள்

வணக்கம். ஒரு கல்யாணத்துக்கு ஃபோட்டோ எடுக்கிறேன்: சிங்கப்பூர் சிராங்கூன் ரோடு பெருமாள் கோயிலில் காலை முகூர்த்தம், ராத்திரி ரிசப்ஷன். ரெண்டு கேமராமேன், ஆளுக்கு 1,500 முதல் 2,000 ஷாட், கழித்துப் பார்த்து எடிட் செய்து கொடுப்பது 600 என்று கணக்கு.

சிக்கல் தாலி கட்டும் நேரம்தான். நொடிக்கு 10 என்று பர்ஸ்ட்டில் (பட்டனை அழுத்தியபடி தொடர்ந்து எடுக்கும் முறை) வைத்தால் பத்தே நொடியில் 100 ஷாட். 24 மெகாபிக்சல் ரா ஃபைல் (கேமரா பதப்படுத்தாத மூலப் படம்) ஒன்று சுமார் 30 எம்பி, ஆக மொத்தம் 3 ஜிபி. கார்டு மெதுவானதாக இருந்தால் பஃபர் (கேமராவின் தற்காலிக நினைவகம்) நிறைந்து, சரியாக மூன்றாம் முடிச்சில் கேமரா திணறும். கெட்டிமேளம் கொட்டியதும் பறக்கும் அட்சதை வேறு. ஃபோகஸ் முகத்தை விட்டு முன்னால் வரும் அரிசியைப் பிடிக்கும்.

விட்டு விட்டு மூன்று நான்காக அழுத்துவது போதுமா, அளவு சுருக்கிய கம்ப்ரஸ்டு ராவுக்கு மாறலாமா? ரெண்டாவது கார்டு ஸ்லாட்டில் பேக்கப்புக்கு ஜேபெக் மட்டும் வைப்பவர்கள் இருந்தால் சொல்லுங்கள். சைலன்ட் ஷட்டர் (சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டர்) வேண்டாம், எல்இடி விளக்கில் கோடு விழும்.

இன்னொன்று: மாப்பிள்ளை வீட்டார் "எடுத்தது அத்தனையும் வேணும்" என்கிறார்கள். கண் மூடியது, லைட் டெஸ்ட் எல்லாம் அதில் அடக்கம்! ஒப்பந்தத்தில் இதற்கு என்ன வாசகம் எழுதுகிறீர்கள்?