பின்னணி இசையே இல்லாத படம்: நீங்கள் எப்படிப் பார்த்தீர்கள்?

பாளையங்கோட்டைக்காரன்: 2024-இல் வந்த 'கொட்டுக்காளி'யை அம்மாவோடு பார்த்தேன். பேய் பிடித்துவிட்டது என்று நினைத்து ஒரு பெண்ணைச் சாமியாரிடம் ஆட்டோவில் கூட்டிப்போகும் குடும்பத்தின் கதை. பின்னணி இசை கிடையாது. ஆட்டோ இரைச்சலும் சேவல் சத்தமும்தான். முடிவையும் நம்மிடமே விட்டுவிடுகிறார்கள். "மிச்சப் படம் எங்கலே?" என்றாள் அம்மா. எனக்கோ இரண்டு நாளாக அதே நினைப்பு. உங்களுக்கும் அப்படியா?

தாமிரபரணி: ஆமாண்ணே. கால் கட்டிய சேவலைப் பார்த்ததும் அந்தப் பெண்ணைத்தான் நினைத்தேன். யாரும் சொல்லவில்லை, நாமே சேர்த்துக்கொள்கிறோம்.

தென்காசி வாசகர்: கோயில் கொடையில் வில்லுப்பாட்டு கேட்டு வளர்ந்தவன் நான். பின்பாட்டுக்காரர் 'ஆமா' போட்டால்தான் கதை நகரும். இங்கே அந்த 'ஆமா'வை நாம் போட வேண்டியிருக்கிறது.

பாளையங்கோட்டைக்காரன்: சரிண்ணே, அம்மாவிடம் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் கழித்து, "அப்போ அந்தப் பிள்ளைக்குப் பேயே பிடிக்கலைதான?" என்று கேட்கிறாள்.