புதுப்பிப்பு: ஆர்வி-6 விற்பனை, மெக்கானிக் பார்த்த பிறகு

வீட்டில் கட்டிய ஆர்வி-6 என்ற சிறிய விமானம் (லைகாமிங் ஓ-320 எஞ்சின்) விற்பனைக்கு என்று முன்பு போட்ட பதிவின் தொடர்ச்சி இது. வாங்குபவரின் மெக்கானிக் வந்து பார்த்துவிட்டார்.

கசிவு பார்க்க, எஞ்சின் சூட்டோடு ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் 80 பிஎஸ்ஐ அழுத்தத்தில் காற்று கொடுத்ததில் 1, 2, 4 சிலிண்டர்கள் 75-க்கு மேல் நின்றன. மூன்றாவது மட்டும் 62. காதை வைத்துக் கேட்டாலே கசிவு எங்கே என்று தெரிந்துவிடும்: எக்ஸாஸ்ட் குழாயில் 'உஸ்' என்றால் எக்ஸாஸ்ட் வால்வு, கார்புரேட்டர் பக்கம் என்றால் இன்டேக் வால்வு, ஆயில் ஊற்றும் வாயில் என்றால் பிஸ்டன் ரிங். இங்கே எக்ஸாஸ்ட். போரோஸ்கோப் (உள்ளே நுழைக்கும் சிறு கேமரா) விட்டுப் பார்த்தால் வால்வு விளிம்பில் ஒரு பக்கம் மட்டும் நிறம் மாறியிருக்கிறது. வால்வின் மேல் தெரியும் நிற வட்டம் ஒரே சீராக இல்லையென்றால் வால்வு எரியத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். சிலிண்டரைக் கழற்றும் செலவை விலையில் கழித்தாயிற்று. மூடி மறைத்திருந்தால் பேரமே முறிந்திருக்கும்.

பலர் கேட்டது: வருடாந்திரச் சோதனை இனி யார் கையில்? இந்தச் சோதனையைத் தானே செய்யக் கட்டியவருக்கு எஃப்ஏஏ (அமெரிக்க விமானத் துறை) தந்த ரிப்பேர்மேன் சான்று அவரோடுதான் இருக்கும், விமானத்தோடு போகாது. 12 மாதத்துக்கு ஒருமுறை ஏ அண்ட் பி மெக்கானிக் (விமான உடல், எஞ்சின் இரண்டுக்கும் சான்று பெற்றவர்) சோதித்துக் கையெழுத்துப் போடலாம்; ஐஏ என்ற கூடுதல் சோதனை அனுமதி அவருக்கு வேண்டாம். மற்ற பராமரிப்பை வாங்கியவரே செய்யலாம்.

எஃப்ஏஏ படிவங்கள்: விற்பனைப் பத்திரம் 8050-2, பதிவு விண்ணப்பம் 8050-1. ஆப்பரேட்டிங் லிமிடேஷன்ஸ் தாள் (பறப்பதற்கான நிபந்தனைகள்) விமானத்துக்குள் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அது இல்லாமல் பறக்கக் கூடாது. பழைய பதிவுச் சான்றின் பின்புறத்தை நிரப்பி ஓக்லஹோமா சிட்டியில் உள்ள எஃப்ஏஏ பதிவகத்துக்கு அனுப்புவது விற்பவர் வேலை. அதைத்தான் மறந்துவிடுகிறார்கள்.